கோடி கோடியாய்ச் சேர்ந்த செல்வம் ஹலாலாக இருக்க முடியுமா?

கடைத்தெருவில் ஒருவர் மளமளவென்று மூன்று மாடி எழுப்பிவிட்டால் ஊரில் இரண்டு விதமான பேச்சுக் கிளம்பும். "அவருக்கு அல்லாஹ் பரகத் செய்திருக்கிறான்" என்பார்கள் சிலர். "நேரான வழியில் இவ்வளவு வருமா?" என்பார்கள் வேறு சிலர். இரு சாராருமே அவருடைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் இல்லை.

காத்தான்குடி, ஏறாவூர், மருதமுனை, கல்முனை என்று மட்டக்களப்பு வாவியை ஒட்டிய நமது ஊர்களில் ஏராளமான குடும்பங்களுக்கு வியாபாரமே சோறு போடுகிறது. சைக்கிளில் புடவைப் பொட்டலம் கட்டிக் கிராமம் கிராமமாக விற்றவரின் பேரன் இன்று கொழும்பில் மொத்த வியாபாரம் செய்வதையும் பார்க்கிறோம். ஆகவே பெருஞ்செல்வம் நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. அதை அடைய விரும்பாத வியாபாரியும் குறைவு. அளவுக்கு மிஞ்சிய செல்வத்தை ஒருவர் யாருக்கும் அநியாயம் செய்யாமல் உழைத்துச் சேர்க்க முடியுமா என்பதை, பொறாமையையும் புகழ்ச்சியையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு வியாபாரியின் கண்ணால் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

ஒருவர் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபா தேறிய இலாபம் பெறுகிறார் என்று வைத்துக் கொள்வோம். நமதூரில் அவர் பெரிய முதலாளி. வெள்ளிக்கிழமையும் பெருநாளும் பாராமல் உழைத்து, ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் வருடத்திற்கு 3 கோடி 65 இலட்சம்தான் சேரும். நூறு கோடியை எட்ட 27 வருடங்களுக்கு மேல் ஆகும்.

இப்போது உலகத்துக் கோடீஸ்வரரைப் பாருங்கள். ஒரு பில்லியன் டொலர் உடையவர்தான் அந்தப் பட்டியலில் இடம் பெறுவார். ஒரு டொலரை 300 ரூபாவாக எடுத்துக் கொண்டால் அது 30,000 கோடி ரூபா. நம் முதலாளி அதைச் சேர்க்க எண்ணாயிரம் வருடங்களுக்கு மேல் கடை திறக்க வேண்டும்!

இந்தக் கணக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. அந்த அளவு செல்வம் ஒரு மனிதனின் இரண்டு கைகளால் வருவதில்லை. மற்றவர்களின் உழைப்பு, மற்றவர்களின் பணம், தன் நிறுவனத்தின் பங்குகளுக்குச் சந்தை கொடுக்கும் பெறுமதி, பிறருக்குத் தெரியாத ஒரு செய்தி, போட்டியில்லாத சந்தை, அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றோ பலவோ அதில் கலந்திருக்கும். இவற்றில் சில ஆகுமானவை, சில ஆகாதவை. எனவே தொகையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது வந்து சேர்ந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பொருளியலில் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நோர்தௌஸ் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. அமெரிக்காவில் புதிய தொழில்நுட்பங்களால் சமூகத்துக்குக் கிடைத்த நன்மையில் சுமார் 2.2 வீதம் மட்டுமே அவற்றை உருவாக்கியவர்களிடம் இலாபமாகத் தங்கியது, மீதி எல்லாம் பாவனையாளருக்குப் போனது என்பது அவரது கணிப்பு. அப்படிப் பார்த்தால் பெரும் பணக்காரர் தான் எடுத்ததைவிடப் பல மடங்கு உலகுக்குக் கொடுத்தவர் ஆகிறார். இது வலுவான வாதம்தான். ஆனால் இது சராசரிக் கணக்கு. சராசரியாக ஆறு முழங்காலளவு ஆழம் என்று கேட்டு இறங்கியவரும் மூழ்கிப் போகலாம். ஒவ்வொரு செல்வந்தரையும் தனித்தனியாகத்தான் நிறுக்க வேண்டும்.

ஸஹாபாக்களிலும் செல்வந்தர்கள் இருந்தார்கள்

பெருஞ்செல்வம் என்றாலே பாவம் என்று நினைப்பவர்களுக்கு நமது வரலாறு பதில் வைத்திருக்கிறது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரழி) அவர்கள் மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தார்கள். அன்சாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஃ (ரழி) தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது அதை ஏற்காமல், சந்தை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கியவர்கள் மதீனாவின் பெருஞ்செல்வந்தர்களில் ஒருவரானார்கள். உஸ்மான் (ரழி) அவர்களின் செல்வத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பஞ்ச காலத்தில் உணவுப் பொருள் ஏற்றிய அவர்களது ஒட்டகக் கூட்டம் வந்து சேர்ந்தபோது மதீனா வியாபாரிகள் போட்டி போட்டு விலையேற்றிக் கேட்டதாகவும், அவர்கள் ஒருவருக்கும் விற்காமல் முழுவதையும் ஏழைகளுக்குப் பங்கிட்டதாகவும் அறிவிப்புகள் உண்டு.

இமாம் அபூஹனீபா (ரஹ்) கூபா நகரில் பட்டுத் துணி வியாபாரி. குறையுள்ள துணி ஒன்றைக் கொடுத்து, அதன் குறையைச் சொல்லி விற்கும்படி தன் பங்காளியிடம் சொல்லியிருந்தார்கள். அவர் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த விற்பனையில் கிடைத்த பணம் முழுவதையும் சதகா செய்துவிட்டார்கள் என்பது பிரபலமான சம்பவம். நமது புடவைக் கடைகளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்தச் சோதனை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அதே வரலாற்றில் அபூதர் அல்-கிபாரி (ரழி) அவர்களும் இருக்கிறார்கள். தேவைக்கு மேற்பட்டதைச் சேர்த்து வைப்பதே தவறு என்று ஆட்சியாளர் முகத்துக்கு நேரே சொன்னவர்கள். கடைசியில் ரபதா என்ற பாலைவன ஊரில் தனிமையில் வாழ்ந்து அங்கேயே வபாத்தானார்கள். ஸகாத் கொடுக்கப்பட்ட செல்வம் கண்டிக்கப்பட்ட சேமிப்பாகாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் நிலைப்பாடு. ஆனாலும் அபூதர் (ரழி) அவர்களின் குரலை யாரும் அழித்துவிடவில்லை. பெருஞ்செல்வத்தின் காதருகே அந்தக் குரல் எப்போதும் கேட்டுக் கொண்டிருப்பது நல்லதுதான்.

கொழும்பில் பிறந்த பில்லியனர்

நம் நாட்டில் பிறந்து உலகப் பணக்காரர் பட்டியலில் ஏறியவர் ராஜ் ராஜரத்தினம். 1957இல் கொழும்பில் பிறந்தார். இங்கிலாந்திலும் அமெரிக்காவின் வார்ட்டன் வர்த்தகக் கல்லூரியிலும் படித்தார். 1997இல் நியூயோர்க்கில் கலியன் என்ற முதலீட்டு நிதியத்தை ஆரம்பித்தார். உச்சத்தில் சுமார் 7 பில்லியன் டொலர் அந்த நிதியத்தில் இருந்தது. கொழும்புப் பங்குச் சந்தையிலும் அவர் பெரும் முதலீட்டாளர். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணத்துக்குத் தாராளமாகக் கொடுத்தவர்.

2009 ஒக்டோபர் 16ஆம் திகதி அவர் கைது செய்யப்பட்டார். கம்பனிகளின் உள்ளே இருந்தவர்களிடமிருந்து இரகசியத் தகவல் பெற்று, அது சந்தைக்குத் தெரியும் முன்னரே பங்குகளை வாங்கி விற்றார் என்பது குற்றச்சாட்டு. அவரது தொலைபேசி உரையாடல்களை நீதிமன்ற அனுமதியுடன் பதிவு செய்திருந்தார்கள். 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியாகக் காணப்பட்டு, ஒக்டோபரில் 11 வருடச் சிறைத்தண்டனை பெற்றார். அதுவரை அத்தகைய குற்றத்துக்கு விதிக்கப்பட்ட தண்டனைகளில் அதுவே நீண்டது. 2019இல் வெளியே வந்தவர், 2021இல் எழுதிய நூலில் தான் குற்றமற்றவர் என்றே வாதிட்டிருக்கிறார். ஆனால் மேன்முறையீட்டிலும் தீர்ப்பு மாறவில்லை.

வழக்கில் பேசப்பட்ட ஒரு சம்பவம் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. 2008 செப்டெம்பர் 23ஆம் திகதி, உலக நிதி நெருக்கடியின் உச்சக்கட்டத்தில், கோல்ட்மன் சக்ஸ் வங்கியில் செல்வந்தர் வொரன் பபெட்டின் நிறுவனம் 5 பில்லியன் டொலர் முதலிட அந்த வங்கியின் பணிப்பாளர் சபை தொலைபேசிக் கூட்டத்தில் சம்மதித்தது. கூட்டம் முடிந்த உடனேயே பணிப்பாளர்களில் ஒருவரான ரஜத் குப்தா ராஜரத்தினத்துடன் பேசினார். சந்தை மூடச் சில நிமிடங்களே இருந்த நிலையில் கலியன் அந்த வங்கியின் பங்குகளை வாங்கியது. செய்தி வெளியானதும் விலை ஏறியது. ரஜத் குப்தாவும் 2012இல் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

இதில் யார் வீட்டிலும் கன்னம் வைக்கவில்லை, நிறுவையில் மோசடி இல்லை. அந்தச் சில நிமிடங்களில் தன் பங்கை விற்றவர் யாரென்றுகூட வாங்கியவருக்குத் தெரியாது. விற்றவருக்குத் தெரியாத ஒன்று வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த அறிவு அவர் உழைத்துப் பெற்றதா, திருட்டுத்தனமாக வந்ததா என்பதில்தான் குற்றம் இருக்கிறது.

வழியிலேயே மடக்கி வாங்குவது

நியூயோர்க் விவகாரம் நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். வெளியூர் வியாபாரிகள் சந்தைக்கு வந்து விலை நிலவரத்தை அறியும் முன்னரே, அவர்களை வழியில் சந்தித்துச் சரக்கை வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தைக்கு வந்து உண்மை விலையைத் தெரிந்து கொண்டால் விற்றவர் அந்த வியாபாரத்தை முறித்துக் கொள்ளும் உரிமையையும் கொடுத்தார்கள். பிறரின் அறியாமையை முதலாக்கிக் கொள்ளும் வியாபாரத்துக்கு எதிரான சட்டம் அது. ராஜரத்தினம் வழக்கின் சாரமும் ஏறத்தாழ இதுவே.

இனி நமது வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போவோம். பெரும்போக அறுவடை நடக்கும் மாதங்களில் வயல் வரம்புக்கே லொறி போய் நிற்கிறது. விவசாயிக்கு நெல்லைக் காயவைக்கக் களமில்லை, களஞ்சியமில்லை. அறுவடை இயந்திரத்துக்கு அன்றே கூலி கொடுக்க வேண்டும், உரக்கடன் வேறு. ஈரநெல்லைக் கேட்ட விலைக்குக் கொடுக்கிறான். ஈரத்துக்கென்று ஒரு கழிவு, சாக்குக்கென்று ஒரு கழிவு, பதருக்கென்று ஒரு கழிவு. சில வாரங்கள் கழித்து அதே நெல் நல்ல விலைக்குப் போகிறது.

இதில் வியாபாரியின் பக்கமும் உண்டு. ஈரநெல் காய்ந்தால் எடை குறையும். போக்குவரத்து, களஞ்சியம், முடங்கும் முதல், விலை விழுந்தால் வரும் நட்டம் எல்லாம் அவர் தலையில். இவற்றுக்காக இலாபம் எடுப்பது முற்றிலும் ஆகுமானது. உண்மையான ஈரத்தை அளந்து கழிப்பது நீதி. அளக்காமல், எல்லா மூடைக்கும் ஒரே கணக்காகக் கூட்டிக் கழிப்பது அளவை நிறுவையில் செய்யும் மோசடி. அத்தகையவர்களை எச்சரிப்பதற்கென்றே குர்ஆனில் தனியாக ஓர் அத்தியாயம் இருப்பது நமக்குத் தெரியும்.

இன்னும் ஆழமான பிரச்சினை முன்கடன். விதைப்புக் காலத்தில் பணமோ உரமோ கொடுத்து, அறுவடையில் தனக்கே தரவேண்டும், அதுவும் சந்தை விலையைவிடக் குறைத்துத் தரவேண்டும் என்று நிபந்தனை வைப்பது பல இடங்களில் உள்ள வழக்கம். கடன் கொடுத்து அதன் மூலம் ஆதாயம் பெறுவது வட்டியின் வாசல் என்பது புகஹாக்கள் வைத்திருக்கும் விதி. அதே காரியத்தை ஸலம் முறையில் சுத்தமாகச் செய்யலாம். விலை முழுவதையும் முன்கூட்டியே கொடுத்து, நெல்லின் இனம், தரம், எடை, ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றை எழுதிக் கொண்டால் அது கடனல்ல, வியாபாரம். விலையேற்ற இறக்கத்தின் ஆபத்தை வியாபாரியும் சுமக்கிறார், விவசாயிக்கும் முதற்பணம் கிடைக்கிறது. இரண்டு முறையிலும் லொறி ஒன்றுதான், நெல் ஒன்றுதான். ஒன்றில் வரும் செல்வம் ஹலால், மற்றதில் வருவது சந்தேகத்துக்குரியது.

பேருவளையும் அமல்னேரும்

நேர்மையாகச் சேர்த்துப் பெருஞ்செல்வரானவர் உண்டா என்று கேட்டால் நமக்கு உடனே நினைவுக்கு வருபவர் பேருவளை நளீம் ஹாஜியார். 1933இல் எளிய குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பு அதிகமின்றி, மாணிக்கக்கல் வியாபாரத்தில் உயர்ந்தவர். 1973இல் அவர் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா கலாபீடம் 2005இல் அவர் மறைந்த பிறகும் நின்று நிலைக்கிறது. நமது ஊர்களிலிருந்தும் எத்தனையோ பேர் அங்கு படித்து வந்திருக்கிறார்கள்.

மாணிக்க வியாபாரமே அறிவை விற்கும் வியாபாரம். ஒரு கல்லின் உண்மையான பெறுமதியைக் காணும் கண் வருவதற்குப் பல வருடங்கள் ஆகும். அந்தக் கண்ணால் இலாபம் காண்பது உழைப்பின் கூலி. ஆனால் கல்லின் பெறுமதி தெரியாத ஏழையிடம் அது சாதாரணக் கல் என்று பொய் சொல்லி வாங்கினால் அதே கண் குற்றவாளியாகிவிடும். இத்தொழிலில் நல்ல பழக்கம் ஒன்றும் உண்டு. இரத்தினபுரிப் பக்கத்தில் சுரங்கக் குழி வெட்டும்போது நிலச் சொந்தக்காரர், முதல் போட்டவர், நீரிறைக்கும் இயந்திரம் தந்தவர், குழிக்குள் இறங்கியவர் என்று எல்லோருக்கும் கல் விற்ற பணத்தில் பங்கு உண்டு. குழிக்குள் இறங்கியவரும் பங்காளி!

இந்தியாவின் அஸீம் பிரேம்ஜியின் கதையிலும் இதையொத்த ஓர் அம்சம் இருக்கிறது. 1966இல் தந்தை இறந்தபோது அவருக்கு 21 வயது. அமெரிக்கப் படிப்பை இடைநிறுத்தி வந்து, மகாராஷ்டிர மாநிலத்தின் அமல்னேர் என்ற சிறுநகரில் இருந்த தாவர எண்ணெய்க் கம்பனியைப் பொறுப்பேற்றார். அதுவே பின்னர் விப்ரோ என்ற கணினி நிறுவனமாக வளர்ந்தது. அமல்னேரில் அந்தக் கம்பனியின் பங்குகளைச் சிறு தொகைக்கு வாங்கி, விற்காமல் வைத்திருந்த சாதாரணக் குடும்பங்கள் பலவும் கோடீஸ்வரர்களாயின. முதலாளி ஏறிய படியிலேயே அந்த ஊரவரும் ஏறினார்கள். 2019 மார்ச்சில், விப்ரோவில் தனக்கிருந்த பொருளாதார உரிமையில் மேலும் 34 வீதத்தைத் தன் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார். அத்துடன் அறக்கட்டளைக்கு அவர் ஒதுக்கியது மொத்தம் 21 பில்லியன் டொலர் என்று அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் அரசாங்கப் பள்ளிக்கூடங்களை மேம்படுத்துவதே அதன் முக்கிய வேலை.

2022: நம் எல்லோருக்கும் வந்த பரீட்சை

பெரும் பணக்காரரைப் பற்றிப் பேசுவது எளிது. 2022இல் நம் சிறு கடைகளுக்கே பரீட்சை வந்தது. அந்த வருடம் மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கி, சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. தோணிக்காரர்களுக்கு அது எப்படிப்பட்ட அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாட்களில் கையில் சரக்கு இருந்தவர் கடையைத் திறக்காமலேயே பணக்காரரானார். பழைய விலைக்கு வாங்கிய பொருளைப் புதிய விலைக்கு விற்பது ஆகுமா என்ற கேள்வி அப்போது ஒவ்வொரு கடையிலும் எழுந்தது. நியாயமாகப் பார்த்தால், பழைய விலைக்கே விற்றுத் தீர்த்த வியாபாரி அடுத்த சரக்குக்கு முதல் இல்லாமல் கடையைப் பூட்ட நேரிடும். மீண்டும் வாங்கும் விலையைக் கணக்கில் எடுப்பது வியாபாரம். விலையேறிய ஒரு காலத்தில் விலையைக் கட்டுப்படுத்தும்படி மக்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதைச் செய்ய மறுத்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள் பதுக்கலைக் கடுமையாகக் கண்டித்தார்கள். மக்களுக்கு அத்தியாவசியமான பொருளைத் தட்டுப்பாட்டு நேரத்தில் வாங்கிக் குவித்து, விலை இன்னும் ஏறட்டும் என்று மறைத்து வைப்பதே பதுக்கல். கடையின் முன்புறம் "பால்மா இல்லை" என்ற அட்டை, பின்புறம் பெட்டி பெட்டியாகப் பால்மா! இதற்கு எந்த வியாக்கியானமும் உதவாது. நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி பதுக்கல் குற்றம்.

அந்த வருடம் சிலர் தெரிந்த வாடிக்கையாளர், தெரியாதவர் என்று பாராமல் ஆளுக்கு ஒரு பைக்கட் என்று பங்கிட்டு விற்றார்கள். அவர்களுக்கு இலாபம் சற்றுக் குறைந்திருக்கும். அவர்களின் பெயரை மக்கள் இன்னும் சொல்கிறார்கள். வியாபாரத்தில் அதைவிடப் பெரிய முதல் ஏது?

இரண்டாவது மாடியைக் கட்டியது யார்?

இப்போது இன்னொரு சிறு கணக்கு. ஒரு கடையில் பத்து ஊழியர்கள். ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் 30,000 ரூபா. 2026 ஜனவரி முதல் அமுலுக்கு வரும்படி சட்டம் நிர்ணயித்த தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி தன் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். மொத்தம் 15 வீதம், ஒருவருக்கு 4,500 ரூபா. பத்துப் பேருக்கு மாதம் 45,000. வருடத்துக்கு 5 இலட்சத்து 40 ஆயிரம். இதைக் கட்டாமல் இருபது வருடங்கள் ஒரு கடை நடந்தால், இன்றைய சம்பளக் கணக்கில் மட்டும் ஒரு கோடியே எட்டு இலட்சம் ரூபா.

இந்த ஒரு கோடியே எட்டு இலட்சமும் யாருடையது? கடையின் இரண்டாவது மாடி அந்தப் பணத்தில் எழும்பியிருந்தால் அதன் சொந்தக்காரர் யார்? "நோன்புப் பெருநாளைக்கு உடுப்பும் ஸகாத்தும் கொடுக்கிறோமே" என்று சிலர் சொல்வார்கள். ஊழியரின் உரிமையை வைத்துக் கொண்டு அதில் ஒரு துண்டைத் தர்மமாகக் கொடுப்பது எப்படி நியாயமாகும்? அறுபது வயதில் கண் மங்கி, கடையை விட்டுப் போகும் விற்பனையாளர் வெறுங்கையோடு போகிறார் என்றால், நாற்பது வருடமாக அவர் நமக்குக் கடன் கொடுத்து வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

பெருஞ்செல்வம் பெரும்பாலும் ஒரே பெரிய திருட்டினால் வருவதில்லை. மூடைக்கு ஒரு கிலோ, ஆளுக்கு 4,500 ரூபா, சொல்லாமல் விட்ட ஒரு சிறு குறை என்று சிறுகச் சிறுகச் சேர்ந்து, கடைசியில் எது தன்னுடையது எது பிறருடையது என்று பிரிக்க முடியாமல் போய்விடுகிறது.

பிறர் பணத்தில் பெருத்தவர்கள்

2008 இறுதியில் செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ நிறுவனம் விழுந்தபோது சுமார் 9,000 பேரின் 2,600 கோடி ரூபா அளவிலான வைப்புப் பணம் சிக்கிக் கொண்டது. வங்கிகளைவிட மிக உயர்ந்த வட்டி என்பதே அவர்களை இழுத்த தூண்டில். ஓய்வூதியத் தொகையை முழுவதுமாகப் போட்டவர்களும் அதில் இருந்தார்கள். 2023 ஓகஸ்டில் எம்.டி.எப்.ஈ. என்ற கைத்தொலைபேசிச் செயலி முடங்கியபோது நாடெங்கும் பலர் பணத்தை இழந்தார்கள். மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டமாக அறிவித்தது.

நமது ஊர்களில் இதே வியாபாரம் "முழாரபா" என்ற தொப்பியைப் போட்டுக் கொண்டு வருவதுண்டு. இலட்சத்துக்கு மாதம் இவ்வளவு நிச்சயம் என்று யாராவது சொன்னால் அது முழாரபாவே இல்லை. முழாரபாவில் இலாபம் விகிதத்தில்தான் பிரியும், தொகையாக அல்ல. நட்டம் வந்தால் முதல் போட்டவர் முதலை இழப்பார், உழைத்தவர் உழைப்பை இழப்பார். எந்த வியாபாரம், எங்கே நடக்கிறது, கணக்கை யார் பார்க்கிறார் என்று கேட்கும்போது கோபித்துக் கொள்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

தர்மம் கழுவித் தருமா?

ராஜரத்தினத்துக்குத் தண்டனை விதிக்கும்போது அவரது நோயையும் அவர் செய்த தர்ம காரியங்களையும் நீதிபதி கவனத்தில் எடுத்தார். தண்டனையின் அளவை அவை பாதித்திருக்கலாம், குற்றத்தை அழிக்கவில்லை. நமது மார்க்கத்திலும் அப்படித்தான். ஸகாத் என்பது ஹலாலான செல்வத்தைத் தூய்மைப்படுத்துவது. பிறரிடம் அபகரித்ததற்கு 2.5 வீதம் பரிகாரமாகாது. அதை உரியவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நேரான வழியில் வந்த செல்வமும் ஒரே கையில் தேங்கி நிற்பதை இஸ்லாம் விரும்பவில்லை. ஸகாத் வருடாவருடம் ஒரு பகுதியை எடுக்கிறது. வாரிசுச் சட்டம் ஒவ்வொரு தலைமுறையிலும் மகன், மகள், மனைவி, பெற்றோர் என்று பிரித்து விடுகிறது. மீதியில் விரும்பியதை வக்ஃப் செய்யலாம். சவூதியின் சுலைமான் அல்-ராஜ்ஹி இதற்கு நம் காலத்து உதாரணம். வறுமையில் வளர்ந்து, உலகின் மிகப் பெரிய இஸ்லாமிய வங்கிகளில் ஒன்றைச் சகோதரர்களோடு சேர்ந்து கட்டியெழுப்பியவர். 2011இல் போர்ப்ஸ் சஞ்சிகை அவரது செல்வத்தை 7.7 பில்லியன் டொலர் என்று மதிப்பிட்டது. அந்தக் காலப்பகுதியில் உயிரோடிருக்கும்போதே தன் சொத்துகளைப் பிள்ளைகளுக்கும் வக்ஃபுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். 2012இல் மன்னர் பைஸல் சர்வதேசப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

முடிவாக

அளவு கடந்த செல்வம் ஹலாலாக வர முடியுமா? முடியும். ஆனால் அரிது. செல்வம் வளர வளர அது கடந்து வரும் கைகளும் கூடுகின்றன. ஒவ்வொரு கையிடமும் கணக்கு நேராக இருக்க வேண்டும். பத்து ஊழியருக்கு நீதி செய்வதைவிடப் பத்தாயிரம் ஊழியருக்கு நீதி செய்வது கடினம். ஐம்பது விவசாயிகளுக்குச் சரியாக நிறுப்பதைவிட ஐயாயிரம் பேருக்கு நிறுப்பது கடினம். மறுமையில் செல்வந்தரின் கேள்வி கணக்கு நீளும் என்று சொல்லப்படுவதன் நியாயமும் இதுதான். எங்கிருந்து சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்று செல்வத்தைப் பற்றிக் கேள்வி இரண்டு உண்டு. நாம் இரண்டாவதற்குத்தான் பெரும்பாலும் தயாராகிறோம். பள்ளிவாசலுக்குக் கொடுத்த பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைக்கிறோம். முதலாவது கேள்விக்குப் பற்றுச்சீட்டு வைத்திருக்கிறோமா?

ஸகாத் கணக்குப் பார்க்கும் நாளில் இன்னும் ஒரு தாளை எடுங்கள். ஊழியருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு நிலுவை? கடன் நிபந்தனையால் விலை குறைத்து வாங்கிய நெல் எவ்வளவு? குறையை மறைத்து விற்றது உண்டா? தட்டுப்பாட்டில் மறைத்து வைத்தது உண்டா? சகோதரியின் வாரிசுப் பங்கு நம் பெயரில் கிடக்கிறதா? முதலில் இந்தத் தாளில் உள்ளதைத் தீர்த்துவிட்டு, மிச்சத்துக்கு ஸகாத் கணக்குப் போடுவோம். அதற்குப் பிறகு மிஞ்சுவது பத்து இலட்சமானாலும் பத்துக் கோடியானாலும் அது நம்முடையதுதான். அதில் பரகத் கேட்டுக் கை ஏந்தவும் நமக்குத் தைரியம் வரும்.